பிடிக்கும்போது தம்பதிகள், கொடுக்கும்போது அந்நியர்கள்!

கட்டியவன் காப்பாற்றவேண்டும், பெற்றவன் வளர்க்கவேண்டும். இது நாடறிந்த நியதி. நல்லோர் ஒப்பிய நீதி. ஆனால், கட்டவுமில்லை, பெறவுமில்லை, எந்தக் காகிதத்திலும் கைச்சாத்து இடவுமில்லை, அப்படிப்பட்ட ஓர் இளைஞனைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பெண்ணுக்குச் சோறு போடவேண்டியவன் இவனே!" என்று ஒரு சர்க்கார் சொல்லுமானால், அதை என்னவென்பது? சொல்வதோடு நின்றாலும் பொறுக்கலாம். அவன் போட்டானா, போடவில்லையா என்று பார்க்காமலே, போட்டுவிட்டான் என்று ஏட்டில் எழுதிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு அளந்து வந்த உதவிப் பணத்தை நிறுத்திவிடுமானால், அதை எந்த நீதியில் சேர்ப்பது?

கட்டுக்கதை அல்ல, தோழர்களே! சட்டமே இல்லாத காட்டிலும் அல்ல. ஜெர்மனியில் நடக்கிறது. தொழிலாளிக்கு நோய் வந்தால் காப்பு வேண்டும் என்று 1883-லும், விபத்து நேர்ந்தால் ஈடு வேண்டும் என்று 1884-லும், முதுமை வந்தால் ஊதியம் வேண்டும் என்று 1889-லும் சட்டம் செய்து, பிற நாடுகளுக்குப் பாடம் சொன்ன நாடு அது. அந்த நாட்டில்தான், வேலையற்ற ஏழையின் வீட்டுக்குள் காதல் நுழைந்தால், அதன் காலடியைத் தொடர்ந்து கணக்குப்பிள்ளையும் நுழைகிறான்.

எப்படி வந்தது இந்த விதி? யார் கொண்டுவந்தது? யாரை அது தாக்குகிறது? மூன்றையும் பார்ப்போம்.

* * *

2002-ம் ஆண்டு. ஜெர்மனியில் வேலையில்லாத் திண்டாட்டம். அன்று ஆண்டவர் ஷ்ரோடர். சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். தொழிலாளர் வாக்கைப் பெற்று வந்தவர். அவர் ஒரு குழு அமைத்தார். தலைவராகப் போட்டது யாரை? ஃபோக்ஸ்வாகன் மோட்டார்க் கம்பெனியில் ஆள் நிர்வாகத்தைக் கவனித்துவந்த பீட்டர் ஹார்ட்ஸ் என்பவரை. குழு சொன்னதைத் தொடர்ந்து வந்த சட்டங்களில் நான்காவது, 2005 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. 'ஹார்ட்ஸ் நான்கு' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் அளவுக்கு அந்தப் பெயர் கசந்தது.

அதற்குமுன் என்ன முறை? வேலை இழந்தவன், தான் கட்டிய சந்தாவுக்கு ஈடாகச் சில காலம் காப்புப் பணம் பெறுவான். அது தீர்ந்தபின்னும், பழைய கூலியில் ஒரு பங்கைக் கணக்கிட்டு உதவி வரும். ஹார்ட்ஸ் நான்கு அந்த இரண்டாவது உதவியை எடுத்து, ஏழைகளுக்கான பொது உதவியோடு கலந்துவிட்டது. காப்புப் பணம் தீர்ந்ததா? அதன்பின் பழைய கூலி என்ன என்ற கேள்வியே இல்லை. எல்லோருக்கும் ஒரே படி. 2005-ல் அந்தப் படி மேற்கே மாதம் 345 யூரோ, கிழக்கே 331. வீட்டு வாடகை தனி.

2023-ல் பெயர் மாற்றினார்கள். 'பியூர்கர்கெல்ட்' என்றார்கள், குடிமக்கள் பணம் என்று பொருள். படி 2024-லும் 2025-லும் 563 யூரோ. 2025-ல் பதவிக்கு வந்த மெர்ட்ஸ் அரசு, அந்தப் பெயரையும் மாற்றப்போவதாக அறிவித்தது. பெயர்ப்பலகை மாறுகிறது, உள்ளே இருக்கும் தராசு மாறுவதில்லை. அந்தத் தராசுக்கு ஒரு பெயர் உண்டு. 'பெடார்ஃப்ஸ்கெமைன்ஷாஃப்ட்!' வாய் வலிக்கும் சொல், வயிறும் வலிக்கும். தமிழில் 'தேவைக் கூட்டு' எனலாம். ஒரு கூரையின்கீழ் வாழ்பவர்களை ஒன்றாகக் கட்டி, எல்லோருடைய தேவையையும் ஒரு தட்டில் வைத்து, எல்லோருடைய வரும்படியையும் மறு தட்டில் வைத்து, குறைவதை மட்டும் கொடுப்பது. இதுதான் தேவைக் கூட்டு.

கணவன், மனைவி, குழந்தை: இவர்களை ஒரே கூட்டில் சேர்ப்பதில் நமக்கு வியப்பில்லை. சிவில் சட்டமே அவர்களை ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்களாக்குகிறது. ஆனால் மணமாகாத ஜோடி? அங்கேதான் சட்டம் மனத்துக்குள் எட்டிப்பார்க்கிறது. ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கும் எண்ணம் இருவருக்கும் இருந்தால், அவர்களும் ஒரே கூட்டு என்கிறது.

எண்ணத்தை அளக்க எந்தக் கோல் உண்டு? 2006 ஆகஸ்டில் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். நான்கு அடையாளம். ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்வது ஒன்று. இருவருக்கும் பொதுவாக ஒரு குழந்தை இருப்பது ஒன்று. வீட்டிலுள்ள குழந்தையையோ உறவினரையோ சேர்ந்து பராமரிப்பது ஒன்று. ஒருவர் பணத்தை மற்றவர் எடுத்தாளும் அதிகாரம் பெற்றிருப்பது ஒன்று. நான்கில் ஒன்று இருந்தாலும் போதும்; சுமக்கும் எண்ணம் இருப்பதாக அனுமானித்துக்கொள்ளலாம். இல்லையென்றால், இல்லை என்று நிரூபிக்கவேண்டியது அந்த ஜோடி! இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது, தோழர்களே?

நீதிமன்றம் சற்றுக் கடிவாளம் போட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் வெறும் அறைத்தோழர் அல்ல, காதலர்; தனித்தனி அடுப்பு அல்ல, ஒரே குடித்தனம்; இந்த இரண்டையும் அலுவலகமே காட்டவேண்டும், அதன் பிறகுதான் எண்ணத்தை அனுமானிக்கலாம் என்று சமூக வழக்குகளுக்கான உச்சநிலை நீதிமன்றம் 2012-ல் வரையறுத்தது. நல்லது. ஆனால் அதைக் காட்டுவது எப்படி? வீட்டைப் பார்த்துத்தானே! தவறாகப் பணம் பெறுவோரைக் கண்டுபிடிக்க, நேரில் சென்று பார்க்கும் ஊழியர்களை அலுவலகங்கள் அமர்த்திக்கொள்ளவேண்டும் என்றும் 2006-ல் சட்டத்தில் எழுதினார்கள். குளியலறையில் பல்துலக்கி ஒன்றா, இரண்டா? படுக்கை ஒன்றா, இரண்டா? குளிர்ப்பெட்டியில் தட்டு பிரிக்கப்பட்டிருக்கிறதா? இவையெல்லாம் அரசாங்க விசாரணைக்குரிய பொருள்களாகிவிட்டன! கதவைத் திறக்க மறுக்கும் உரிமை ஏழைக்கும் உண்டு. ஆனால் அடுத்த மாத வாடகைக்கு அந்த அலுவலகத்தையே நம்பியிருப்பவள், அந்த உரிமையை எத்தனை துணிவோடு பயன்படுத்துவாள்?

* * *

இனிக் கணக்குக்கு வருவோம். தொழிலாளிக்குக் கணக்குத் தெரியவேண்டும். கணக்குத் தெரியாதவனைத்தான் ஏய்ப்பார்கள்.

ஒரு பெண். வயது 24. வேலை இல்லை. உதவிப் பணம் பெறுகிறாள். ஓர் இளைஞன். வயது 23. பட்டறைத் தொழிலாளி. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 2,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள். வாடகையும் வெப்பச் செலவுமாக 620 யூரோ. ஆளுக்குப் பாதி, 310. 2025-ம் ஆண்டுப் படிகளைக் கொண்டே போடுவோம்.

அவர்கள் வெறும் அறைத்தோழர்கள் என்றால், அந்தப் பெண்ணுக்கு 563. வாடகைப் பங்கு 310. மொத்தம் 873 யூரோ வரும். இளைஞனிடம் வாடகைப் பங்கு போக 1,690 மிஞ்சும்.

ஓராண்டு கழிகிறது. இப்போது அவர்கள் 'கூட்டு'. இனி ஆளுக்கு 563 அல்ல. ஜோடிக்கு ஆளுக்கு 506. ஆக இருவர் தேவை 1,012, வாடகை 620, மொத்தம் 1,632. மறு தட்டில் அவன் கூலி. உழைப்பவனுக்கென்று விட்டுவைக்கும் கழிவு 348 யூரோ. அதைக் கழித்தால் 1,652. தேவையைவிட 20 யூரோ அதிகம்! முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு இனி ஒரு காசும் இல்லை. வாடகை போக 1,380 யூரோவில் இருவரும் வாழவேண்டும், ஆளுக்கு 690. நேற்றுவரை 1,690 வைத்திருந்தவனுக்கு இன்று 690. நேற்றுவரை தன் பெயரில் 873 பெற்றவளுக்கு இன்று அவன் மனம் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை.

கூலி 2,000 அல்ல, 1,700 என்றால்? அப்போது இன்னொரு விந்தை நடக்கிறது. கழிவு போக 1,352. தேவை 1,632. குறைவது 280. இந்த 280-ஐ அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள் என்றுதானே எண்ணுகிறீர்கள்? இல்லை. இருவருக்கும் பாதிப்பாதி, ஆளுக்கு 140. அதாவது, தன் வயிற்றையும் தன் வாடகையையும் தன் உழைப்பால் தாராளமாகத் தாங்கக்கூடிய ஒரு முழுநேரத் தொழிலாளி, ஏட்டில் 'உதவி பெறுபவன்' ஆகிவிடுகிறான்! அவன் கையேந்தவில்லை, கையைப் பிடித்து இழுத்து ஏந்தவைக்கிறார்கள். காதலியின் உதவிக்காக அவன் தன் வரும்படியைக் காட்டவேண்டும். அதுமட்டுமா? அலுவலகம் கேட்டால் அவன் முதலாளியும் அவன் கூலி விவரத்தைச் சொல்லியாகவேண்டும். பட்டறை மேலாளர் அறைவரைக்கும் போய்ச் சேர்கிறது, இவன் யாரைக் காதலிக்கிறான் என்ற செய்தி!

அலுவலக மேசையில் இப்படி ஓர் உரையாடல் நடப்பதாக எண்ணிப்பாருங்கள்:

"இந்த வீட்டில் எவ்வளவு காலமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள்?"

"பதின்மூன்று மாதமாக, ஐயா."

"சமையல்?"

"ஒன்றாகத்தான்."

"சரி. அந்தப் பெண்ணுக்கு இனி எங்களிடமிருந்து பணம் வராது. நீங்கள் கொடுக்கிறீர்கள்."

"நான் கொடுப்பதாகச் சொல்லவில்லையே!"

"சட்டம் சொல்கிறது."

"நான் கொடுக்காவிட்டால், அவள் என்மீது வழக்குத் தொடுத்து வாங்கலாமா?"

"முடியாது. உங்களுக்கு மணம் ஆகவில்லையே!"

"அப்படியானால், அவளைக் காக்கும் கடமை எனக்கு இல்லை?"

"சிவில் சட்டப்படி இல்லை."

"கடமையே இல்லாத நான், எப்படி ஐயா கொடுத்தவன் ஆனேன்?"

"இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

அதிகாரியைக் கொடியவர் என்று சொல்லமாட்டோம். அவர் கையில் கொடுக்கப்பட்ட விதி அப்படி. அந்த விதியின் நடுவில் ஒரு பொத்தல். ஜெர்மன் சிவில் சட்டப்படி, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் காக்கக் கடமைப்பட்டவர்கள். மணமாகாத ஜோடிக்கு அந்தக் கடமை கிடையாது. இருவருக்கும் குழந்தை பிறந்தால் மட்டும், அதைப் பேணும் தாய்க்குக் குறைந்தது மூன்றாண்டு காலம் அதன் தந்தையிடம் ஜீவனாம்சம் கேட்க உரிமை உண்டு. மற்றபடி அவள் எந்த நீதிமன்றக் கதவைத் தட்டினாலும் திறக்காது. சர்க்கார் கொடுத்து வந்ததை நிறுத்திவிட்டது; காதலனிடம் கேட்க உரிமையும் கொடுக்கவில்லை. உரிமையாகப் பெற்றுவந்த சோறு, ஒரே நாளில் தயவாகப் பெறும் சோறாகிவிட்டது. உரிமைக்கும் தயவுக்கும் உள்ள தூரம், நிமிர்ந்த முதுகுக்கும் வளைந்த முதுகுக்கும் உள்ள தூரம்!

* * *

"மணமாகாதவர்களைச் சேர்த்துக் கணக்கிடாவிட்டால், மணமானவர்கள் ஏமாந்தவர்கள் ஆகமாட்டார்களா?" என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். தாலி கட்டியவன் கூலியைப் பிடித்துக்கொண்டு, கட்டாதவன் கூலியை விட்டுவைத்தால், கட்டியவனுக்குத் தண்டனை, கட்டாதவனுக்குச் சலுகை என்றாகும். திருமணத்தைக் காக்க உறுதி கூறும் அரசியல் சட்டம் அதை ஒப்பாது. கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கும் அரசியல் சட்ட நீதிமன்றம் 1992 நவம்பரில் இந்த வழியே சென்றுதான், உண்மையிலேயே ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் ஜோடியை உதவிக் கணக்கில் சேர்க்கலாம் என்று தீர்ப்பளித்தது.

ஒப்புக்கொள்வோம். சமத்துவம் என்கிறார்கள், சமத்துவத்துக்கு நாம் விரோதி அல்ல. கணவன் மனைவிபோல் வாழ்கிறவர்களைக் கணவன் மனைவிபோல் நடத்துவதாகவே இருக்கட்டும். அப்படியானால், எல்லா இடத்திலும் அப்படியே நடத்துகிறார்களா?

நோய்க்காப்பைப் பாருங்கள். வேலையில்லாத மனைவிக்குக் கணவனின் காப்பிலேயே, தனிச் சந்தா இல்லாமல், இடம் உண்டு. மணமாகாத காதலிக்கு? இடம் இல்லை. உதவிப் பணம் இருந்தவரை அதன் மூலமே காப்பு இருந்தது. அது நின்றதும் காப்பும் நிற்கிறது. நாம் சொன்ன பெண்ணுக்கு வயது 24. பெற்றோரின் காப்பில் ஒட்டிக்கொள்ளும் வயதும் கடந்துவிட்டது. அவள் தனியாக மாதச் சந்தா கட்டவேண்டும். அந்தச் சந்தாவினாலேயே தேவைக் கோட்டுக்குக் கீழே விழுந்தால், அதற்கு மட்டும் ஒரு மானியம் கேட்கலாம். காதலன் கூலி சற்றே உயர்ந்தால் அதுவும் இல்லை.

வரியைப் பாருங்கள். கணவன் மனைவி இருவர் வருமானத்தையும் கூட்டி, இரண்டாகப் பிரித்து, வரியைக் குறைக்கும் முறை 1958 முதல் அங்கே இருக்கிறது. மணமாகாத ஜோடிக்கு அது இல்லை. காதலிக்குச் செலவிட்டதைக் காட்டி ஒரு கழிவு கேட்கலாம். தம்பதிகளுக்குரிய கூட்டு முறை கிட்டாது.

சாவைப் பாருங்கள். இருபதாண்டு சேர்ந்து வாழ்ந்து, இருபதாண்டும் அவன் கூலி அவள் கணக்கில் பிடிக்கப்பட்டிருந்தாலும், அவன் இறந்தால் அவளுக்கு விதவை ஊதியம் கிடையாது. உயில் எழுதிவைக்காவிட்டால் சொத்தில் ஒரு துரும்பும் கிடையாது.

ஆக, உதவியைக் குறைக்கவேண்டுமா? "ஆகா! நீங்கள் தம்பதிகள் அல்லவா!" காப்புக் கொடுக்கவேண்டுமா? "நீங்கள் யாரோ, அவர் யாரோ!" வரியைக் குறைக்கவேண்டுமா? "அந்நியர்!" ஊதியம் கொடுக்கவேண்டுமா? "அந்நியர்!" பிடிக்கும்போது தம்பதிகள்; கொடுக்கும்போது அந்நியர்கள்! சமத்துவத்தின் பேரைச் சொல்லிக் கதவைத் தட்டியவர், ஒரே ஒரு அறையில் மட்டும் சமத்துவம் நடத்திவிட்டுப் போகிறார். அதுவும் எந்த அறை? ஏழையின் சமையலறை!

* * *

இன்னும் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு முன்னைய வாழ்க்கையில் பிறந்த ஒரு குழந்தை இருக்கிறது. ஐந்து வயது. அதன் தகப்பன் வேறொருவன். நம் இளைஞன் அந்த வீட்டுக்குக் குடிவருகிறான். அந்தக் குழந்தைக்கும் அவனுக்கும் ரத்த பந்தமில்லை, சட்ட பந்தமில்லை. அவனும் அந்தத் தாயும் ஒரே கூட்டு ஆகிவிட்டால், குழந்தையின் உதவிப் பணத்திலும் அவன் கூலி பிடிக்கப்படும்! 2006-ம் ஆண்டுத் திருத்தம் இதையும் செய்தது. அது அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று, காசல் நகரிலுள்ள சமூக வழக்குகளுக்கான உச்சநிலை நீதிமன்றம் 2008 நவம்பரில் கூறிவிட்டது.

பலன் என்ன? குழந்தையோடு தனித்து நிற்கும் ஒரு தாயை நேசிக்கிற இளைஞன், மாலையில் ஒரு பூங்கொத்தோடு வரலாம். மறுநாள் காலை போய்விட்டால் வம்பில்லை. நிலையாக நிற்கலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தானோ, அவனுக்கு மூன்று பேர் பாரம்! வந்துபோகிறவனுக்கு விதி இல்லை. நிலைத்து நிற்கிறவனுக்கே விதி. பொறுப்பை வளர்ப்பதற்காக வந்த சட்டம் என்கிறார்கள். பொறுப்புள்ளவனைத் தேடிப்பிடித்து அபராதம் போடுகிற சட்டம் என்கிறோம் நாம்.

இளைஞன் பெற்றோர் வீட்டிலேயே இருந்துவிட்டால்? அங்கும் நிம்மதி இல்லை. 25 வயது நிறையும்வரை, மணமாகாமல் பெற்றோர் வீட்டில் இருக்கும் பிள்ளை பெற்றோரின் கூட்டில் சேர்க்கப்படுகிறான். படி 563 அல்ல. 2025 கணக்குப்படி 451. பெற்றோர் வரும்படி அவன் கணக்கில் பிடிக்கப்படும். உதவி பெறும் அந்தப் பிள்ளை வெளியே போக நினைத்தால், குடிக்கூலி ஒப்பந்தம் போடுமுன் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தக்க காரணம் காட்டவேண்டும். அனுமதியின்றிப் போனால் வாடகை இல்லை; முழுப் படியும் இல்லை. இதுவும் 2006-ல் வந்ததுதான். "இளைஞர்கள் எல்லாம் தனி வீடு பிடித்து உதவி கேட்கிறார்கள், செலவு தாளவில்லை" என்று அன்று காரணம் சொன்னார்கள். சிலர் அப்படிச் செய்திருக்கலாம். அந்தச் சிலருக்காக 25 வயதுவரை எல்லோர் காலிலும் கயிறா?

உரலுக்கு ஒரு பக்கம் இடி. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. வேலை கிட்டாத ஜெர்மன் இளைஞன் மத்தளம். பெற்றோர் வீட்டில் நின்றால் தகப்பன் வரும்படியை வைத்து ஓர் இடி. காதலியோடு போனால் காதலி வரும்படியை வைத்து இன்னோர் இடி. தனக்கென்று ஒரு படி, தன் பெயரில் ஒரு உரிமை, அவனுக்கு எப்போதுதான் வரும்?

அதே கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் ஒரு பெருந்தீர்ப்பு அளித்தது. மனிதன் மனிதனாக வாழத் தேவையான குறைந்த அளவு, மானத்தின்பாற்பட்ட உரிமை. அது ஒவ்வொரு தனி மனிதனுக்கும் உரியது என்றது. போற்றுகிறோம். ஆனால் ஒவ்வொரு மனிதனுக்கும் உரியது என்றால், கூரைக்கு உரியதாக அதை மாற்றுவது எப்படிச் சரி? 2016-ல் அதே நீதிமன்றம், ஊனமுற்றோர்க்கான ஊதியம் பெறும் தகப்பனோடு வாழ்ந்த ஓர் இளைஞன் வழக்கில், சேர்ந்து வாழ்கிற குடும்பத்தில் ஒருவருக்கொருவர் உதவுவார்கள் என்று எதிர்பார்த்துக் கணக்கிடலாம் என்றது. சட்டப்படி கேட்கும் உரிமை இல்லாதபோதும் அப்படிச் செய்யலாம் என்றது. எதிர்பார்ப்பு! எதிர்பார்ப்பை உலையில் போட்டால் சோறு வேகுமா?

* * *

இந்தக் கத்தரியை ஜெர்மனிதான் முதலில் பிடித்தது என்று எண்ணவேண்டாம். 1931 நவம்பரில் பிரிட்டனில் இதே கத்தரி ஓடியது. வேலையிழந்த தகப்பன் உதவி கேட்டால், அதிகாரி வீட்டுக்கு வந்து, மகன் கூலி எவ்வளவு, மகள் கூலி எவ்வளவு என்று எழுதிக்கொண்டு, அதற்கேற்பத் தகப்பன் பணத்தை வெட்டினார். மகள் சம்பாதித்தால் தந்தை பட்டினி! தந்தையின் படி வெட்டுப்படக்கூடாது என்பதற்காகவே பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். குடும்பத்தை ஒன்றாகக் கட்டுகிறோம் என்று வந்த விதி, குடும்பத்தை உடைத்தது. 1935-ல் புதிய வெட்டு வந்தபோது, தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் வெள்ளமெனத் தெருவில் திரண்டார்கள். அரசு பின்வாங்கி வெட்டை நிறுத்திவைத்தது. 1941-ல் குடும்பம் முழுவதையும் சோதிக்கும் அந்த முறையைச் சட்டம் செய்தே எடுத்தெறிந்தார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம் 1964-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. உதவி பெறும் தாயோடு உறவுள்ள எந்த ஆணும், அவன் அந்த வீட்டில் வாழ்ந்தாலும் சரி, வந்துபோனாலும் சரி, குழந்தைகளுக்கு 'மாற்றுத் தகப்பன்' என்று விதி செய்து, குழந்தைகளின் உதவியை நிறுத்தியது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 16,000 குழந்தைகள் பட்டியலிலிருந்து குறைந்தார்கள். நான்கு குழந்தைகளின் தாயான ஒரு கறுப்பினப் பெண் வழக்குத் தொடுத்தார். விடியற்காலை மூன்றரை மணிக்கு உணவு விடுதிக்குப் போய், நண்பகல்வரை சமைத்துப் பரிமாறி, வாரம் 16 முதல் 20 டாலர் சம்பாதித்தவர் அவர். வார இறுதியில் அவரைக் காண வந்த ஆணுக்கோ சொந்தத்தில் மனைவியும் ஒன்பது பிள்ளைகளும். அவன்தான் இந்த நான்கு பேருக்கும் தகப்பனாம்!

'கிங் எதிர் ஸ்மித்' என்ற அந்த வழக்கில், 1968 ஜூன் 17-ல், தலைமை நீதிபதி வாரன் தீர்ப்பை வாசித்தார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே பக்கம். தகப்பன் என்றால், பிள்ளையைக் காக்கச் சட்டம் கடமை விதித்தவன்தான். கடமையே இல்லாத ஒருவனைக் காட்டிக் குழந்தையின் சோற்றைப் பறிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று முடித்தார்கள். ஜெர்மனியின் சட்டம் வேறு, அமெரிக்காவின் சட்டம் வேறு என்பதை மறக்கவில்லை. ஆனால் நியாயம் எங்கும் நியாயந்தானே! கடமை எங்கே இல்லையோ, அங்கே கணக்கும் இல்லை. 1968-ல் அலபாமாவின் ஏழைக்குழந்தைக்குக் கிடைத்த இந்த நியாயம், 2006-ல் ஜெர்மன் குழந்தைக்கு மறுக்கப்பட்டது ஏன்?

"விதியை மாற்றமுடியுமா?" என்று யாரும் மலைக்கவேண்டாம். ஒரு சான்று உண்டு. ஏழை வீட்டில் தொழில் பழகப்போன பையன், தன் பயிற்சிக் கூலியில் முதல் 100 யூரோவும் அதற்குமேல் ஒரு சிறு பங்கும்தான் வைத்துக்கொள்ளலாம். மற்றது உதவிக் கணக்கில் பிடிக்கப்படும் என்று ஆண்டுக்கணக்கில் இருந்தது. "படித்தும் பயனில்லை, உழைத்தும் பயனில்லை" என்ற பாடத்தைத்தான் அது அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. எதிர்ப்பு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. 2023 ஜூலையில் மாற்றினார்கள். 25 வயதுக்குட்பட்ட தொழில் பழகுநரும் மாணவரும், 2025 கணக்குப்படி, மாதம் 556 யூரோவரை பிடித்தம் இன்றி வைத்துக்கொள்ளலாம். கல்லில் எழுதிய விதி அல்ல அது, காகிதத்தில் எழுதியது. காகிதத்தில் எழுதியதைக் காகிதத்தில் அழிக்கலாம்.

நாம் கேட்பது பெரிதல்ல. ஊதாரிக்கு ஊர்ப்பணம் கொடு என்று கேட்கவில்லை. உண்மையில் கொடுத்ததைக் கணக்கில் எடு. கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதாதே என்கிறோம். அல்லது, இருவரும் ஒன்றென்று நீயே தீர்மானித்துவிட்டால், அந்தத் தீர்மானத்தை நோய்க்காப்பு அலுவலகத்துக்கும் அனுப்பு. வரி அலுவலகத்துக்கும் அனுப்பு. ஓய்வூதிய அலுவலகத்துக்கும் அனுப்பு. கடமையை விதிக்கிற கை, அதற்குரிய உரிமையையும் நீட்டட்டும். குழந்தையின் பங்கில் மட்டும், பெற்றவர் அல்லாத எவர் கூலியையும் காட்டிக் கைவைக்காதே.

வேலையின்மை தனி மனிதன் செய்த பிழை அல்ல. பொருளாதாரம் செய்யும் பிழை. அந்தப் பிழைக்கு ஈடு கட்டவேண்டியது சமுதாயம். சமுதாயம் தோளைத் தட்டிவிட்டு, அந்தப் பாரத்தை 23 வயதுப் பட்டறைத் தொழிலாளியின் தோளில் ஏற்றிவிட்டு, அதற்குக் 'கூட்டு' என்று பெயர் வைத்தால், அது கூட்டு அல்ல, கைகழுவுதல்!

ஆகவே அந்த நாட்டு ஆட்சியாளர்களைப் பார்த்துக் கேட்கிறோம்: தம்பதிகள் என்றால் தம்பதிகள் என்று சொல், தம்பதிகளுக்கு உரியதை எல்லாம் கொடு. அந்நியர் என்றால் அந்நியர் என்று சொல். அந்நியன் கூலியில் கைவைக்காதே. இரண்டில் ஒன்றைச் சொல்! இரண்டையும் சொல்லிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஏழையையே வெட்டாதே!